நஞ்சுக்கொடி வரை வந்த காய்ச்சல்

பாம்பன்
6-4-1997

ஒட்டிக்கொண்டிருந்த சிறு துளியில் உயிரை ஊன்றி, அதற்குக் கண்ணும் செவியும் கருதும் நெஞ்சும் அருளிய ஏக இறைவனின் திருப்பெயரைத் தலைமேற்கொண்டு,

அன்புத் தங்கை காலிதாவுக்கு அண்ணன் சதக்கத்துல்லா வரையும் மடல். உன்மீது சாந்தி நிலைக்கட்டும். நானும் உன் மதினியும் நலமே. தில்லி வெயிலில் உன் ஒற்றைத் தலைவலி எவ்வாறிருக்கிறது?

நற்செய்தி ஒன்று. மகள் தாஜுன்னிசாவைச் சென்ற வியாழனன்று குன்னூரிலிருந்து அழைத்து வந்துவிட்டேன். ஐந்தாம் மாதம் நடக்கிறது. அவளுக்கு மணமாகி ஏழாண்டுகளாகத் தொழுகைப் பாயில் கேட்டதையே கேட்டுக் கொண்டிருந்தேன். கேட்பதில் எனக்கே நாணம் வந்த பிறகு கிடைத்தது. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் அழைப்பதே வழக்கம் என்று உன் மதினி சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மருமகன் ஹமீது சுல்தானும் மகிழ்வோடு அனுப்பிவைத்தார். தேயிலை ஆலையில் அவருக்கு இப்போது வேலை மிகுதி.

பழம்புலவர்கள் மலைக்குக் கூடலையும் கடற்கரைக்கு இரங்கலையும் வகுத்து வைத்தார்கள். என் மகள் மலையிலிருந்து கடலுக்கு வந்ததில் எனக்கு இரங்கல் ஏதும் தோன்றவில்லை. கிணற்றடி வேம்பின் கீழ்க் கயிற்றுக் கட்டிலில் பகலெல்லாம் உறங்குகிறாள். பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்து வரும் ஓசை உறக்கத்திலேயே அவளுக்குக் கேட்கிறது. கண் திறவாமல், "அத்தா, கடல் நடந்து வருது" என்கிறாள்.

ஆய்வகத்தில் இப்போது எதைப் பார்த்துக் கொண்டிருக்கிறாய்? எனக்கு விளங்கும்படி எழுது.

உன் வாசலில் நலம் தங்கட்டும்.

அண்ணன்
சதக்கத்துல்லா


தில்லி
21-4-1997

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணனுக்கு, காலிதாவின் ஸலாம். என் தலைவலி வழக்கம்போல் விடுமுறை நாட்களில் மட்டும் வருகிறது. மதினியின் முழங்கால் வலி தேவலையா?

தாஜுவின் செய்தி படித்ததும் அடுத்த மேசைக்காரர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். யாருக்கு என்ன உறவு என்று இந்தியில் விளக்குவதற்குள் இனிப்பு தீர்ந்துவிட்டது.

நான் பார்ப்பதைக் கேட்டீர்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தைத் தேய்த்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பேன். இளஞ்சிவப்பு வட்டங்கள் மிதக்கும் ஒரு கடல். அவற்றில் சிலவற்றுக்குள் மட்டும் நீல மோதிரம். மோதிரத்தில் ஒரு செம்மணி. அதுதான் மலேரியா ஒட்டுண்ணி. முதலில் அது வெளியில் இருக்கிறது. ஓரிரு நிமிடத்துக்குள் ஒரு சிவப்பணுவுக்குள் புகாவிட்டால் அழிந்துவிடும். அதன் மேனியில் சில புரதங்கள் இருக்கின்றன. அவை அணுவின் மேல்தோலைத் தொட்டுப் பார்க்கின்றன. தொட்டதும் ஒட்டுண்ணி தன் கூர்முனையை அணுவின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. வேறு புரதங்கள் இறுகப் பற்ற, அது உள்ளே நழுவிவிடுகிறது. கதவு உடைவதில்லை, அண்ணன். அணுவே உட்குழிந்து இடம் கொடுக்கிறது.

உள்ளே சென்றபின் ஒரு வகை, தான் செய்த புரதத்தை அணுவின் வெளிப்புறத்தில் முடிச்சு முடிச்சாக நிறுத்துகிறது. அந்த முடிச்சுகளால் சிறு நாளங்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு, பழுதான அணுக்களை வடிகட்டும் மண்ணீரலின் கண்ணில் படாமல் இருந்துவிடுகிறது. உடம்பு அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டால், வேறு முகம் மாட்டிக்கொள்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஏழு வருடம் கொசுவில்லாத மலையில் இருந்தவள். சிறுவயதில் வந்த காய்ச்சலை அவள் உடம்பு மறந்திருக்கும். கிணற்றை வலை கட்டி மூடுங்கள். நம் தீவின் மலேரியாக் கொசு கிணற்றில்தான் முட்டையிடுகிறது. கட்டிலுக்கும் கொசுவலை வேண்டும்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

காலிதா


பாம்பன்
12-5-1997

கண்ணுக்குப் புலப்படாதவற்றையும் அறிந்தவனின் அருளால்,

தங்கைக்கு ஸலாம். நலம், நலமறிய அவா. உன் மடலை மாலை அஸர் தொழுகைக்குப் பின் மும்முறை படித்தேன். கதவை உடைக்காமல் நுழையும் பகைவனைப் பற்றி எண்ணிக்கொண்டே அன்று கடற்கரையில் வெகுநேரம் நின்றேன். கிணற்றுக்கு வலை கட்டியாயிற்று.

தாஜுவுக்குச் சிறு காய்ச்சல். வியாழன் பிற்பகல் குளிர் கண்டது. சனிக்கிழமையும் அப்படியே. இன்றும் சற்று உண்டு. மலேரியாப் பணியாளர் செல்லச்சாமி சைக்கிளில் வந்து விரல்நுனியில் குத்தி இரத்தம் எடுத்தார். "வாத்தியாரய்யா, பாப்பாவ நான் அஞ்சு வயசுலயே குத்திருக்கேன். அப்ப என் கையக் கடிச்சுருச்சு" என்றார். தாஜு கட்டிலில் படுத்தவாறே, "இப்பவும் பல்லு இருக்குண்ணே, பாத்துக் குத்துங்க" என்றாள். அவர் மலேரியா மாத்திரை கொடுத்துவிட்டுச் சென்றார். இரத்தத்தில் ஏதுமில்லை என்று மூன்றாம் நாள் முடிவும் வந்துவிட்டது. ஆகவே நீ கவலைப்பட வேண்டியதில்லை.

நானும் என்னாலியன்றதைச் செய்கிறேன். விடியலில் பஜ்ர் தொழுகைக்குப் பின் வெண்பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் திருவசனம் எழுதி, பன்னீரில் கரைத்து அவளுக்குப் புகட்டுகிறேன். இத்தெருவில் முப்பதாண்டுகளாக எத்தனை வீடுகளுக்கு எழுதியிருக்கிறேன்! சொந்த மகளுக்கு எழுதும்போது மட்டும் ஒவ்வோர் எழுத்தையும் இருமுறை சரிபார்க்கிறேன்.

இறைவன் உன்னைக் காக்கட்டும்.

சதக்கத்துல்லா


தில்லி
22-5-1997

அண்ணனுக்கு ஸலாம். உங்கள் உடல்நலம் எப்படி? இங்கு நலம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். விரல்நுனி இரத்தம் சுத்தமாக இருப்பது கர்ப்பிணிக்குப் போதிய சான்றல்ல. நான் சொன்ன முடிச்சுப் புரதத்தில் ஒரு முகம், கருப்பையில் வளரும் நஞ்சுக்கொடியில் மிகுதியாகக் காணப்படும் ஒரு பொருளைப் பற்றிக்கொள்வதை அண்மையில்தான் கண்டறிந்திருக்கிறார்கள். கர்ப்பம் இல்லாத உடம்பில் அந்த முகத்துக்கு வேலையே இல்லை. ஆதலால் தலைப்பிரசவக்காரியின் உடம்பு அதை முன்பின் பார்த்ததில்லை. ஒட்டுண்ணி புகுந்த அணுக்கள் நஞ்சில் போய் அப்பிக்கொள்ளும். விரலில் ஒன்றும் தெரியாது. தாய் வெளுப்பாள். பிள்ளைக்குப் போக வேண்டியது போகாது.

வியாழன், சனி, திங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, மலேரியாவின் முறைப்படி. அந்த வரிகளை எழுதும்போது உங்களுக்கு அது தோன்றவில்லையா?

செல்லச்சாமி கொடுத்த மாத்திரைகளைத் தாஜு விழுங்கினாளா? எத்தனை? அடுத்த தபாலில் எழுதுங்கள். கர்ப்பிணிக்கு அந்த மாத்திரையால் கேடில்லை.

காலிதா


பாம்பன்
9-6-1997

அலைகளுக்கு எல்லை வகுத்தவனைப் போற்றி,

தங்கைக்கு ஸலாம். உன் மடல் கிடைத்தது. மறுமொழி தாமதித்தமைக்குப் பொறுத்துக்கொள். பழுதுபார்க்கவென்று படகுகள் கரையிலேறிக் கிடந்தன. கடல் எவருக்கும் வேண்டாததுபோல் அசையாதிருந்தது.

தாஜு நலமே. காய்ச்சல் என்று சொல்வதற்கில்லை. பிற்பகலில் சற்றே குளிர். மிகுதியும் உறங்குகிறாள். விழித்ததும் கனவுகள் சொல்கிறாள். நேற்று அவள் கண்டது: சிவந்த கடல், அதில் ஆயிரக்கணக்கான வட்டத் தோணிகள். துடுப்பு இல்லை. ஒவ்வொன்றும் தானே வந்து ஒரு துறையில் கயிறு கட்டிக்கொள்கிறது. துறையில் இடமே இல்லை. "கடைசியா ஒரு சின்னத் தோணி வந்துச்சு அத்தா. அதுக்குக் கட்ட எடமில்ல. வெளியவே நின்னுச்சு" என்றாள். நான் அவள் தலையில் ஓதி ஊதினேன். உன் மடலை அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை. இது எங்கிருந்து வந்ததென்று அறியேன்.

மாம்பழம் கேட்டாள், வாங்கி வந்தேன். கையில் வைத்துக்கொண்டே உறங்கிவிட்டாள். அந்தக் கைதான் சற்று வெளுத்திருக்கிறது.

உன் பணி சிறக்கட்டும்.

சதக்கத்துல்லா


தில்லி
17-6-1997

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நான் கேட்டது ஒன்று. நீங்கள் கடலையும் கனவையும் மாம்பழத்தையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தெரு டெலிபோன் கடைக்கு இரண்டு முறை பேசினேன். "அவுக பள்ளிவாசலுக்குப் போயிருக்காக" என்றார்கள். நான் பேசியது காலை பத்து மணி. அது எந்தத் தொழுகைக்கான நேரம்?

இத்துடன் இராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். தாஜுவை உடனே அழைத்துப் போங்கள். குளிர் எடுக்கும் நேரத்தில் மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஒருமுறை இல்லாவிட்டால் மூன்றுமுறை.

மறையும் செய்யுளும் கற்ற அண்ணனிடம் நான் இதைச் சொல்லவில்லை. தாஜுவின் அத்தாவிடம் சொல்கிறேன்.

காலிதா


இராமநாதபுரம்
27-6-1997

மன்னிப்பவனின் பெயரால்,

தங்கையே, மருத்துவமனை வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். இனி மறைப்பதற்கில்லை.

அவள் ஒரு மாத்திரையையும் உட்கொள்ளவில்லை. முதல் நாள் ஒன்றை வாயில் வைத்ததும் வாந்தி எடுத்தாள். அந்தக் கசப்பு கருவைக் கலைத்துவிடும் என்று என் இளமையில் கேட்ட பேச்சு நெஞ்சில் எழுந்தது. ஏழாண்டுத் தவம், காலிதா. மீதியைப் பொட்டலமாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, பீங்கானில் எழுதிக் கொடுத்தேன். அவனுடைய சொல் போதும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது நம்பிக்கையன்று. பயம். பயத்துக்கு நான் வசனத்தின் உடையை உடுத்தினேன்.

இன்னொன்றும் உண்டு. மருமகன் மகிழ்வோடு அனுப்பவில்லை. "மாமா, இங்கன குளுந்த எடம், நல்ல ஆஸ்பத்திரி இருக்கு. இங்கயே பாத்துக்குவோமே" என்று இருமுறை கேட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். வழக்கத்தைவிட இரண்டு மாதம் முன்னதாகவே கொண்டுவந்து அந்தக் காய்ச்சலின் கையில் கொடுத்தேன்.

உன் கடிதம் வந்த அன்று ஊர் நர்ஸ் நாகலெட்சுமியும் வந்தார். தாஜுவின் கீழிமையை விலக்கிப் பார்த்தவர், "என்ன வாத்தியாரய்யா இது, காகிதங்கெணக்கா வெளுத்துக் கெடக்கு! வயித்துல ஏழு மாசம்னு சொல்றீக, புள்ளை அஞ்சு மாசத்துக்குத்தான் வளந்திருக்கு! மாத்திரை தின்னுச்சா?" என்றார். நான் வாய் திறக்குமுன் உன் மதினி அலமாரியைத் திறந்து பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. நாகலெட்சுமி என்னைத் திட்டவில்லை. வேன் பிடிக்கச் சொன்னார்.

இங்கே முதல் தகட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது, குளிர் உதறிக்கொண்டிருக்கையில் எடுத்தது. டாக்டரம்மா என்னையே பார்க்க அழைத்தார். நீ எழுதிய நீல மோதிரத்தைக் கண்டேன். அழகாயிருந்தது.

கொயினா என்னும் மலேரியா மருந்து குளுக்கோஸில் ஏறுகிறது; அது காதில் இரைச்சல் உண்டாக்குமாம். இரத்தமும் ஏற்றினார்கள். தாஜு என்னிடம், "நீங்க எழுதிக் குடுத்தது மணமா இருந்துச்சு அத்தா. இது காதுக்குள்ள கூவுது. புள்ளை எதுக்கு எந்திரிக்கும்னு பாப்போம்" என்று சிரித்தாள். பிள்ளையின் அசைவு குறைவு என்கிறார்கள். வேறெதுவும் சொல்ல மறுக்கிறார்கள்.

எனக்காக அல்ல, அவளுக்காகத் துஆ செய்.

சதக்கத்துல்லா


தில்லி
4-7-1997

அண்ணனுக்கு ஸலாம்.

டாக்டரம்மாவிடம் போனில் பேசினேன். காய்ச்சல் இறங்கிவிட்டது, சர்க்கரை தாழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பு இருக்கிறது. இப்போதைக்கு இது போதும்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுதும் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். மறுநாளும் இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதைக் கடிதத்தில் அனுப்ப மாட்டேன்.

ஒரு வேண்டுகோள். பிள்ளை பிறந்ததும் நஞ்சை உடனே புதைத்துவிட வேண்டாம். நகத்தளவு துண்டு ஒன்றை வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்து, காற்றில் உலர்த்தச் சொல்லுங்கள். மீதியை நம் முறைப்படி அடக்கலாம். உள்ளே என்ன நடந்ததென்று அந்த நஞ்சுதான் சொல்லும். நம் தீவில் இதற்குமுன் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. தாஜு சம்மதித்தால் மட்டும்.

காலிதா


இராமநாதபுரம்
16-7-1997

இருளிலிருந்து வெளிக்கொணர்பவனுக்கே புகழனைத்தும்.

தங்கைக்கு ஸலாம். மாதம் நிறையுமுன்பே, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குச் சற்றுமுன் பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. அழுகை முதலில் வரவில்லை. நர்ஸ் ஒருவர் பாதத்தில் தட்டத் தட்ட, வராந்தாவில் நின்ற எனக்கு, கற்ற வசனங்களில் ஒன்றுகூட நாவுக்கு வரவில்லை. "அழு, அழு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுதது. பூனைக்குட்டியின் குரல். பஞ்சுப் பொதியில் வைத்திருக்கிறார்கள். தாய்ப்பாலைச் சங்கில் ஊட்டுகிறோம்.

நஞ்சைப் பற்றித் தாஜுவிடம் கேட்டேன். உன் மதினி, "மய்யித்தக் கூறுபோடுற மாதிரில்ல இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாஜு, "தில்லி மாமி எடுக்கச் சொன்னா எடுங்க. நாளைக்கு இதே காய்ச்சலோட ஒருத்தி இங்கன வந்து படுப்பால்ல" என்றாள். டாக்டரம்மா ஒற்றியெடுத்த ஐந்து தகடுகளைப் பஞ்சில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து இத்துடன் அனுப்புகிறேன். எஞ்சியதை வெள்ளைத் துணியில் பொதிந்து, ஊருக்குக் கொண்டுபோய் என் கையாலேயே மண்ணில் வைத்தேன். வழக்கத்தைவிடக் கனமாகத் தோன்றியது. எனக்கு எந்த வழக்கம் தெரியும்? இதுவரை பெண்கள்தாம் அதைச் செய்து வந்தார்கள்.

சதக்கத்துல்லா


தில்லி
2-8-1997

அண்ணனுக்கு ஸலாம். பேத்தி எடை கூடுகிறாளா?

ஐந்தில் ஒரு தகடு உடைந்து வந்தது. நான்கைச் சாயமிட்டுப் பார்த்தேன். எங்கும் கரும்பழுப்புத் துகள். சிவப்பணுவின் நிறப்பொருளைத் தின்று ஒட்டுண்ணி விட்டுப்போகும் கழிவு அது. தாயின் இரத்தம் நிற்கும் இடைவெளிகளின் ஓரமெல்லாம் அப்பியிருக்கிறது. துறையில் இடமில்லை என்று தாஜு கனவில் கண்டாளே, அப்படித்தான். ஆனால் நான்கு தகடுகளிலும் உயிரோடு ஒன்றுகூட இல்லை. மருந்து உரிய நேரத்தின் கடைசி ஓரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்னும் பத்து நாள் சென்றிருந்தால்... வேண்டாம், இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

ஹமீது சுல்தானிடம் சொல்லிவிட்டீர்களா? காய்ச்சல் வந்ததை மட்டுமல்ல. பொட்டலத்தை.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தாங்காது. வடகிழக்கு மழைக்கு முன் இருவரும் மலைக்குப் போவது நல்லது. தலைப்பிள்ளையையும் தாயையும் ஆறு மாதமாவது வைத்துப் பார்ப்பது நம் வீட்டு முறை என்று எனக்கும் தெரியும். முடிவு உங்களுடையது.

காலிதா


பாம்பன்
25-8-1997

கொடுத்ததைக் காக்கவும், காத்ததைக் கைவிட்டு அனுப்பவும் வலிமை தருபவனின் திருப்பெயரால்,

அன்புத் தங்கைக்கு அண்ணனின் ஸலாம். யாவரும் நலம். இம்முறை இச்சொல்லை முழு மனத்தோடு எழுதுகிறேன். குழந்தை இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிட்டாள். பெயர் ஸாபிரா. பொறுத்திருந்தவள்.

நாற்பதாம் நாள் முழுக்குக்கு மருமகன் வந்திருந்தார். எல்லோரும் உண்டு முடித்தபின் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று யாவற்றையும் சொன்னேன், பொட்டலம் உட்பட. அவர் கிணற்றின்மேல் கட்டிய வலையை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு, "மாமா, நான் கேட்டப்ப நீங்க பதில் சொல்லல. வழக்கத்தச் சொன்னீக" என்றார். அவ்வளவே. என் இருபத்தெட்டாண்டு ஆசிரியப் பணியில் எந்த மாணவனும் என்னை இப்படித் திருத்தியதில்லை. ஆறு மாதம் வேண்டாம், இந்த வாரமே அழைத்துப் போங்கள் என்று நானே சொன்னேன். உன் மதினி அடுப்படியில் அழுதாள். ஆனால் மூட்டை முடிச்சைக் கட்டியவளும் அவளே.

நேற்றுக் கோயம்புத்தூர் வண்டியில் ஏற்றிவிட்டேன். செல்லச்சாமி சைக்கிளோடு நிலையத்துக்கு வந்து, "பாப்பா, மகளையுங் கடிக்கப் பழக்கிராதத்தா" என்றார். வண்டி கிளம்புமுன் தாஜு சன்னல் கம்பி வழியே என் விரலைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டாவதுக்கும் கூட்டிட்டுப் போக வருவீகளா அத்தா?" என்றாள். கேலியா, உண்மையாகவே அஞ்சிக் கேட்டாளா என்று அவள் முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. "வருவேன். உன் அம்மாவையும் கூட்டிக்கிட்டு, அங்க வந்து இருந்துக்குவேன். நீ மலைய விட்டு எறங்க வேணாம்" என்றேன். தாய் இருக்கும் இடம்தானே தாய்வீடு? அவள் விரலை விடவில்லை. வண்டிதான் விடுவித்தது.

பாலத்தின்மேல் வண்டி மெல்ல மெல்லச் சென்றது. குழந்தையைத் தோளில் போட்டிருந்ததால் அவளால் கையசைக்க முடியவில்லை. கடல்நடுவே அது சிறிதாகி, அப்புறம் ஓசை மட்டும் இருந்தது. வெறுங்கையோடு நிற்பது இவ்வளவு இலேசாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, காலிதா.

இம்மடலைப் படிக்கும் உன் கண்களுக்குக் குளிர்ச்சியும், உன் கைபடும் ஒவ்வொரு துளிக்கும் உரியவருக்கு நீண்ட ஆயுளும், உன் இல்லத்துக்கும் இதைக் கேட்கும் எவ்வில்லத்துக்கும் நோயற்ற காலைகளும் வாய்க்க அவன் அருள்வானாக.

உன் அண்ணன்
சதக்கத்துல்லா